ஒரு கோட்டையும் அதன் நகலும்

ஸ்காட்லாந்து நாட்டு நாவலாசிரியர் ஸர் வால்டர் ஸ்காட் 1821-ஆம் ஆண்டில் ‘கெனில்வொர்த்’ என்ற சரித்திர நாவலை வெளியிட்டார். நம் நாட்டில் சரித்திர நாவல் எழுதப் புகுந்தவர்களுக்கெல்லாம் ஸ்காட் ஒரு வகையில் பெரியப்பா முறை ஆக வேண்டும். இங்கிலாந்தில் வார்விக்ஷயர் பகுதியில் உள்ள கெனில்வொர்த் கோட்டைக்கு 1575-ல் எலிஸபெத் ராணி விருந்தாளியாக வந்து 19 நாள் தங்கினாள். கோட்டைக்கு உடையவரான லீஸ்டர் பிரபு, தாம் ரகசியமாக மணந்த மனைவியை ராணியின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கப் படும் பாடுதான் கதை. சரித்திரத்தைப் புரட்டினால், அந்த அம்மாள் ராணி வருவதற்கு 15 வருஷம் முன்பே செத்துப்போனாள் என்று தெரிகிறது. அதனால் என்ன? செத்தவர்களை எழுப்பிக் கல்யாணப் பந்தலில் உட்கார வைக்கும் உரிமை நாவலாசிரியருக்கு உண்டு. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன்தான். குறை சொல்ல வாயில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஸ்காட் அந்த நாவலை எழுதிய காலத்தில் கெனில்வொர்த் கோட்டை குடியிருக்கத் தகுந்த கட்டடமே அல்ல. 1120-களில் எழுப்பப்பட்ட அந்தக் கோட்டையை, உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, இனி எந்த எதிரிக்கும் பயன்படக் கூடாது என்று பார்லிமெண்டுக் கட்சியார் 1649, 1650-ஆம் ஆண்டுகளில் வேண்டுமென்றே உடைத்துப் போட்டார்கள். ஆகவே நாவலைப் படித்துவிட்டு ஆவலோடு போய்ப் பார்த்தவர்களெல்லாம் பார்த்தது கூரையில்லாத சிவப்பு மணற்பாறைச் சுவர்களைத்தான். இன்றும் போய்ப் பார்க்கலாம். சுவர்கள் நிற்கின்றன.

அந்தக் கோட்டைக்கு நம் ஓசூரில் ஒரு நகல் இருந்தது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி பாராமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. 1799-ல் திப்பு சுல்தான் விழுந்த பிறகு ஓசூர்ப் பக்கமும் வந்து சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். சேலத்து வெயிலில் வெந்துபோன துரைமார்களுக்கு ஓசூர்க் காற்று பட்டதும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மத்திகிரியில் 1824-ல் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஒரு பண்ணை வைத்தார்கள். பிற்பாடு அது மாட்டுப் பண்ணையாகி இன்றும் நடக்கிறது. ஊருக்கே ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் சூட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த பிரெட் துரை ஒரு படி மேலே போய், கெனில்வொர்த்தின் சாயலில் ஒரு கோட்டையே கட்டினார். தம் துரைசானிக்காகக் கட்டினார், அப்படி ஒரு மாளிகை இல்லாமல் கப்பலேற மாட்டேன் என்று அந்த அம்மாள் அடம்பிடித்தாள் என்பது ஊரார் பேச்சு. ஊரார் பேச்சில் எப்போதும் ஒரு பெண்பிள்ளையின் அடம் இருக்கும். அதை நாம் அப்படியே விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. மூலக்கோட்டை வெடி வைத்துப் பிளக்கப்பட்டது. அதன் பிறகு 370-க்கு மேற்பட்ட குளிர்காலங்களைக் கண்டது. தண்ணீர் கட்டியாக உறைகிற குளிர்காலங்கள். அது நிற்கிறது. நகலை யாரும் வெடி வைக்கவில்லை. ஓசூரின் மார்கழிப் பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அங்கே குடத்துத் தண்ணீர் உறைவதில்லை. அத்தனை இதமான சீதோஷ்ணத்தில், 200 வருஷங்கூட ஆகாத கோட்டை அடையாளம் தெரியாதபடி சிதைந்து போயிற்று.

அது கல், இது செங்கல் என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். கெனில்வொர்த்தின் மணற்பாறை ஒன்றும் கருங்கல் அல்ல. தண்ணீரைக் குடிக்கும் இளகிய கல். குணத்தில் நம் செங்கல்லுக்குத் தம்பி. விடை கல்லில் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் காரையிலும், அந்தக் காரையை யார் எப்போது எதனால் பழுது பார்த்தார்கள் என்பதிலும் இருக்கிறது.

பிரெட் துரை காலத்தில் நம் ஜில்லாக்களில் கட்டடம் என்றால் சுண்ணாம்புதான். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 டிகிரிச் சூட்டில் வேகவைத்தால், அதற்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சிய கட்டியில் தண்ணீர் விட்டால் அது சீறிக் கொதித்து நீறாகும். அந்த நீற்றோடு மணலும் பொடித்த செங்கல்லும் கூட்டி, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் போட்டு, மாடு கட்டி இழுக்கும் கல் உருளையால் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விடுவார்கள். சென்னைப் பட்டணத்தில் மெருகுப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்த்தார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்துச் சலவைக்கல் என்று ஏமாந்த வெள்ளைக்காரர்கள் உண்டு. சுவரில் ஏறிய சுண்ணாம்பு, சூளையில் இழந்த வாயுவை ஆகாயத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஒரு நாளில் அல்ல, ஒரு வருஷத்திலும் அல்ல. நம் பாட்டிமார்கள் கோபம் தணிவது போல நிதானமாக. அதற்குள் சுவர் சற்று அசைந்தாலும் அதுவும் அசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அந்த விரிசலில் படிந்து அதை அடைத்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு இது பிடிக்குமா? 1756-ல் இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்ற எஞ்சினீயர் எடிஸ்டோன் பாறையில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டப் புகுந்தார். அலைக்கு நடுவே இறுகக்கூடிய காரை வேண்டுமென்று தேடினார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று கண்டுகொண்டார். கோபுரம் 1759-ல் முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது அசையவில்லை. கடைசியில் அரித்துப்போனது அது நின்ற பாறைதான். பிறகு 1824-ல், மத்திகிரியில் குதிரைப் பண்ணை வைத்த அதே வருஷம், லீட்ஸ் நகரத்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் ஒரு பொடிக்கு உரிமை எழுதி வாங்கினார். போர்ட்லண்டுத் தீவின் கல்லைப் போல் இருக்கிறதென்று அதற்குப் போர்ட்லண்டு சிமெண்டு என்று பெயர் வைத்தார். உலகத்தையே மாற்றப்போகும் ஒரு பொருளை ஒரு கொத்தனார் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சிமெண்டு விரைவில் இறுகும். இறுகிய பிறகு அசையாது. தண்ணீரையும் அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. இவ்வளவு குணவதியான மருமகள் வந்தால் எந்த வீடுதான் வேண்டாமென்று சொல்லும்? பழைய வீடுகளில் சந்து விட்ட இடமெல்லாம் சிமெண்டால் அடைத்தார்கள். குளிர் நாடுகளில் அப்போதுதான் வினை ஆரம்பமாயிற்று.

சுவர் என்பது தண்ணீர் புகாத பொருள் அல்ல. மழை அடித்தால் குடிக்கும், தரையிலிருந்தும் உறிஞ்சும். குடித்த தண்ணீரை வெயிலிலும் காற்றிலும் வெளியே விட வேண்டும். சுண்ணாம்புக் காரையிருந்தால் அந்தச் சந்து வழியாகவே ஈரம் வெளியேறிவிடும். சந்தைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், ஈரத்துக்குச் செங்கல்லைத் தவிர வேறு வழி இல்லை. வெளியேறுவதற்குள் குளிர்கால இரவு வந்துவிடுகிறது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். செங்கல்லுக்குள் அதற்கு ஏது இடம்? காலையில் பார்த்தால் செங்கல்லின் முகம் பெயர்ந்து கீழே கிடக்கும். நடுவில் சிமெண்டுக் கோடுகள் மட்டும் தேன்கூட்டின் அறைச்சுவர் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பழுது பார்த்த பொருள் பிழைத்தது. பழுது பார்க்கப்பட்ட வீடு போயிற்று.

குளிர் நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஊட்டியில் தை மாதத்துப் புல்லில் வெள்ளையாகப் படிவதைத் தவிர உறைபனியை நம்மில் பலர் கண்டதில்லை. தண்ணீர் பாத்திரத்தில் உறைந்து பாத்திரத்தைப் பிளப்பதைக் கண்டவர் இன்னும் குறைவு. ஆனால் அந்தப் பனிக்கட்டிக்கு நம் ஊரில் ஒரு பங்காளி உண்டு. அவன் பெயர் உப்பு. தரையிலிருந்து ஏறும் ஓதம் மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் வருகிறது. ஈரம் உலரும்போது உப்பு செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாகப் பருத்து, பனிக்கட்டி செய்கிற அதே வேலையைச் செய்கிறது. சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்கிறதே, அதைத்தான் ‘உப்பு அரித்தது’ என்கிறோம். அங்கே பனி ஒரே இரவில் செய்வதை இங்கே உப்பு பத்து வருஷத்தில் செய்கிறது. நம் நாட்டில் எதிரிக்குக்கூட அவசரம் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கண்ணால் கண்டது கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில். என் அத்தை ஒருத்தி அங்கே தனியாக இருக்கிறாள். நூறு வயது தாண்டிய வீடு. திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் மாடி எல்லாம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் சுவரில் ஓதம் ஏறுகிறதென்று ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்து, கூடத்துச் சுவர் முழுவதும் சிமெண்டு பூசினார்கள். முதல் வருஷம் கண்ணாடி போல இருந்தது. இரண்டாம் வருஷம் இடுப்பு உயரத்தில் இருந்த ஓதம் தோள் உயரத்துக்கு ஏறிற்று. மூன்றாம் வருஷம் பூச்சு அப்பளமாகப் பெயர்ந்தது. பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள் எஞ்சினீயர் ஒருவரை அழைத்து வந்தார்கள். ‘வீட்டுக்கு ஆயுசு முடிந்தது, இடித்துவிட்டு நாலு மாடி கட்டலாம்’ என்று அவர் சொன்னார். அத்தை என்னைக் கூப்பிட்டாள். “ஏண்டா, வீட்டுக்கு ஆயுசு முடிஞ்சுதாம். எனக்கும் அப்படித்தான் டாக்டர் சொன்னான், பத்து வருஷத்துக்கு முன்னாடி. நீ ஒரு வார்த்தை வந்து பாரு” என்றாள்.

காவேரிப்பட்டணத்துப் பக்கத்திலிருந்து ஒரு வயதான மேஸ்திரியை யாரோ சொல்லி அழைத்து வந்தோம். எழுபதைத் தாண்டியவர். அவர் சுவரைப் பார்க்கவில்லை; தட்டினார். மேலிருந்து கீழாகக் கரண்டியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். தவில்காரர் வாரைத் தட்டிச் சுதி பார்ப்பது போல இருந்தது. பிறகு பூச்சை ஒரு சாண் பெயர்த்தார். அதோடு செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார்.

“கல்லு நல்ல கல்லுதான் சார். கலவைதான் அதுக்கு மீறினது. கன்னுக்குட்டி கழுத்துல எருமை நுகத்தை வெச்சா என்னா ஆவும்?”

“சிமெண்டு வலுவானதுதானே, மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“அதான் சார் சங்கடம். செங்கல்லைக் காட்டியும் கலவை ஒரு படி எளைச்சே இருக்கணும். தேஞ்சா கலவை தேயட்டும், அதை நாம மறுக்காப் பூசிக்கலாம். கல்லு தேஞ்சா எங்கப் போறது?”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மேல் நாட்டு நிபுணர்கள் இத்தனை வருஷமாகப் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காரை என்பது தேய்வதற்காகவே இருக்கும் பொருள். செங்கல்லுக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியது.

மேஸ்திரி சிமெண்டை முழுவதும் உரித்தார். ஒரு கோடை முழுவதும் சுவரை வெறும் உடம்போடு விட்டு உலரவைத்தார். பூத்த உப்பை ஈரம் படாமல் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். சந்துகளை இயந்திரம் தொடாமல் உளியால் ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டினார். சேலத்திலிருந்து கல் சுண்ணாம்பு வரவழைத்து வாரக்கணக்கில் தொட்டியில் ஊறப்போட்டார். பூசும் முன் சுவரை நனைத்தார். பூசிய பின் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். இங்கிலாந்துக் கொத்தனார்களும் புதுச் சுண்ணாம்புப் பூச்சுக்குச் சாக்குத் தொங்கவிடுவார்கள் என்று பிற்பாடு படித்தேன். அங்கே அது பனிக்காகவும்தான். இறுகாத சுண்ணாம்பைப் பனி தாக்கினால் பூச்சு பொரிந்துவிடும் என்பதால், கடுங்குளிர் மாதங்களில் அவர்கள் கரண்டியையே தொடுவதில்லை. நம் மேஸ்திரிக்கு வெயில்தான் எதிரி. ஒரே சாக்கு, இரண்டு எதிரிகள்.

எல்லாம் பிழைத்துவிட்டது என்று சொல்ல நான் கதை எழுதவில்லை. தெருப்பக்கத்துச் சுவரின் அடிப்பாகம் மாவாகிவிட்டிருந்தது. அதைப் பிரித்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. மற்றவை நின்றன. மூன்று ஐப்பசி போய்விட்டது. ஓதம் இருக்கிறது, முழங்கால் அளவில், ஏறுகிறது, உலர்கிறது. மேஸ்திரிக்குப் பிறகு இந்த வேலை தெரிந்தவர் அவர் குடும்பத்தில் யாரும் இல்லை. பிள்ளைகள் இருவரும் ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள்.

அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1904-லேயே சென்னையில் ஒரு கம்பெனி கிளிஞ்சலிலிருந்து சிமெண்டு செய்யப் பார்த்தது, நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் அது வெற்றியாயிற்று. 1934-ல் மதுக்கரை, 1939-ல் டால்மியாபுரம், 1949-ல் தாழையூத்து என்று தமிழ்நாட்டிலும் ஆலைகள் எழும்பின. ஆனால் நெடுங்காலம் சிமெண்டு கட்டுப்பாட்டுச் சரக்கு. பெர்மிட் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். நாலு மூட்டை சிமெண்டுக்கு ஒரு கல்யாணத்துக்கான சிபாரிசு தேவைப்பட்டது. கிடைக்காததாலேயே அதற்கு ஒரு மகிமை ஏற்பட்டுவிட்டது. சுண்ணாம்பு ஏழையின் சரக்காகிவிட்டது. 1982-ல் பாதிக் கட்டுப்பாடு நீங்கிற்று. 1989-ல் முழுவதும் நீங்கிற்று. ஓசூர் ஓசூராக மாறியதும் சரியாக அந்த வருஷங்களில்தான். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அடுத்து லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் அங்கே உற்பத்தியாகத் தொடங்கின. ஊர் வீங்கிற்று. சூளைகள் அணைந்தன. காரை அரைத்த கல் உருளைகள் திண்ணையோரத்தில் உட்காரும் கல்லாயின. கையில் காசும் கடையில் சிமெண்டும் சேர்ந்து வந்தபோது, பழைய வீட்டுக்காரர்கள் ஆசை ஆசையாகச் சுவரெல்லாம் பூசினார்கள். அன்பினால்தான் செய்தார்கள். புறக்கணிப்பினால் அழிந்த வீடுகளைவிட இந்த அன்பினால் அழிந்தவை குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கிரேக்க நாட்டின் பார்த்தெனான் கோயிலை பலானோஸ் என்ற எஞ்சினீயர் 1898 முதல் 1930-கள் வரை செப்பனிட்டார். உடைந்த சலவைக்கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தார். பழங்காலத்துச் சிற்பிகளும் இரும்பைத்தான் வைத்தார்கள். ஆனால் அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். இவர் ஊற்றவில்லை. இரும்பு துருப்பிடித்துப் பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தது. 1975-லிருந்து இன்னொரு தலைமுறை அந்தச் செப்பனிடுதலைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1877-ல் கவிஞர் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் வைத்தார். பெரிதாகப் புதுப்பிக்க வேண்டாம், நாள்தோறும் கவனித்துக்கொண்டாலே போதும் என்பதுதான் அதன் கொள்கை. கவியின் பேச்சை எஞ்சினீயர்கள் கேட்க நூறு வருஷம் ஆயிற்று. 1970-களிலும் 80-களிலும் வெல்ஸ் நகரத்துப் பெரிய கோயிலின் முகப்புச் சிலைகளை ராபர்ட் பேக்கர் என்பவர் சுண்ணாம்பாலேயே காப்பாற்றிக் காட்டிய பிறகு, அந்த நாட்டில் கைவிடப்பட்ட சுண்ணாம்பு மறுபடி மரியாதை பெற்றது.

சிமெண்டை நான் திட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். அணைக்கும் மேம்பாலத்துக்கும் அது இல்லாமல் முடியாது. சிமெண்டால் கட்டிய வீட்டைச் சிமெண்டால் பூசுவதில் தவறும் இல்லை. எதற்கு எது பொருந்தும் என்று கேட்காமல், எது வலுவானது என்று மட்டும் கேட்கிறோமே, அதுதான் என் வருத்தம்.

கெனில்வொர்த் கோட்டையை 1937-ல் ஸர் ஜான் ஸிட்லி என்பவர் விலைக்கு வாங்கினார். அவர் பிரபு வம்சத்தவர் அல்ல. மோட்டாரும் விமான எஞ்சினும் செய்து பணம் சேர்த்த தொழிலதிபர். 1958-ல் அவர் மகன் அதை ஊராருக்கே கொடுத்துவிட்டார். 1984 முதல் ஓர் அமைப்பின் பொறுப்பில் அதன் சுவர்கள் கவனிக்கப்பட்டு வருகின்றன. கூரையில்லாத, ஒருவரும் குடியிராத, ஒரு காசுக்கும் உதவாத சுவர்கள். ஆனாலும் காரை உதிர்ந்த சந்தை நிரப்ப ஒரு கை இருந்துகொண்டே இருக்கிறது.

ஓசூரிலிருந்து சில மைல் தள்ளித் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-ல் பிறந்த சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. அது கோட்டை அல்ல. யாரும் அதற்கு இங்கிலாந்திலிருந்து வரைபடம் கொண்டுவரவில்லை. அரசாங்கம் நினைவில்லமாக வைத்துப் பார்த்துக்கொள்கிறது. ஆகையால் நிற்கிறது. பிரெட் துரையின் கோட்டைக்கு மூலத்தைப் பார்த்து வடிவத்தைக் காப்பியடிக்கத் தெரிந்தது. மதிலையும் கொத்தளத்தையும் காப்பியடிக்கலாம். கரண்டியோடு வருஷா வருஷம் வருகிற கொத்தனாரைக் காப்பியடிக்க முடியாது. அவரை அந்தந்த ஊர்தான் வளர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.